நாய் கிடைத்தது, வீட்டுக்காரரைக் காணவில்லை



மூன்று வருடங்களுக்கு முன், டிசம்பர் 31 இரவு, நாங்கள் எல்லோரும் வருட இறுதி ஆராதனையில் இருந்தோம். அம்மம்மாவுக்குத் தடிமன். அவரும் எங்கள் நாய் ஜிம்மியும் மட்டும் வீட்டில் நின்றார்கள். பன்னிரண்டு மணிக்கு ஜெபித்து, ஒருவருக்கொருவர் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லி, தேநீரும் கேக்கும் முடித்து வெளியே வந்து பார்த்தால், கைத்தொலைபேசியில் ஐந்து தவறிய அழைப்புகள். எல்லாம் அம்மம்மா. கீழ்வீட்டுப் பிள்ளைகள் வாசலிலேயே வெடி கொளுத்தியிருக்கிறார்கள். என்ன சத்தம் என்று பார்க்க அவர் கதவைத் திறந்த அந்த நொடியில், ஜிம்மி அவருடைய காலடியால் பாய்ந்து ஓடிவிட்டது.

"வாயில்லாச் சீவன், எங்க போய் நிக்குதோ" என்று விடியும்வரை அம்மம்மா படுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் நாயை முற்றத்தைத் தாண்டி உள்ளே விடாதவர் அவர். ஜிம்மி வந்த நாளில் "நாயும் நாங்களும் ஒரே வீட்டுக்கையோ" என்று முகத்தைச் சுழித்தவரும் அவர்தான்.

இரண்டு நாட்கள் தேடினோம். படத்தோடு கடதாசி அடித்து பஸ் தரிப்பிடங்களில் ஒட்டினோம். பொலிசுக்கு அறிவித்தோம். பூங்கா, ஆற்றங்கரை, பழைய ரெயில் பாதை எல்லாம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தோம். 2ஆம் தேதி பின்னேரம், எங்கள் சபையில் பூனை வளர்க்கும் ஒரு அக்கா தொலைபேசியில் எடுத்தார். "சிப் போட்டிருக்குத்தானே? பதிவகத்துக்கு எடுத்துக் கேட்டனீங்களோ?"

அப்படி ஒன்று இருக்கிறது என்பதையே நாங்கள் மறந்துபோயிருந்தோம். அலுமாரியில் கிடந்த நீல நிறப் பாஸ்போட்டைத் தேடி எடுத்து, அதிலிருந்த பதினைந்து இலக்கங்களையும் வாசித்தோம். மறுமுனையில் இருந்த பெண் சொன்ன பதில் இன்றும் காதில் நிற்கிறது: "முதலாம் தேதி காலையிலிருந்து நாங்கள் உங்களைத்தான் தேடுகிறோம்."

நடந்தது இதுதான். புத்தாண்டு காலையில் நடக்கப் போன ஒருவர், தோட்டக் குடில்கள் இருக்கும் பக்கத்தில் ஒரு வேலியோரம் நடுங்கிக்கொண்டிருந்த ஜிம்மியைக் கண்டிருக்கிறார். மிருகக் காப்பகத்தில், அதாவது டீயர்ஹைமில், கொண்டுபோய் ஒப்படைத்திருக்கிறார். அங்கே சிப்பை வாசித்து, பதிவகத்தில் கேட்டவுடன் அப்பாவின் பெயரும் கிடைத்துவிட்டது. ஆனால் அதோடு இருந்த தொலைபேசி இலக்கம் பாவனையில் இல்லை. விலாசமோ இரண்டு வருடங்களுக்கு முன் நாங்கள் விட்டு வந்த வீடு.

"தம்பி, நீ எந்த நம்பரைக் குடுத்தனி?" என்று கேட்டோம்.

"அப்ப என்னட்டை இருந்த நம்பர்தான் அக்கா" என்றான்.

அவனில் பிழை சொல்ல முடியாது. ஜிம்மி வந்தபோது அவனுக்கு வயது பதின்மூன்று. அப்பாவுக்கு இரவு வேலை. அம்மாவுக்கு ஜேர்மன் படிவம் என்றாலே தலையிடி. வீட்டுக் கடிதங்களை வாசித்துச் சொல்வதும், படிவம் நிரப்புவதும் அவன்தான். தன்னுடைய முதல் சிம் அட்டையின் இலக்கத்தையும், பள்ளிக்கூட மின்னஞ்சலையும் எழுதி விட்டிருக்கிறான். பிறகு சிம் மாறியது, பள்ளி மாறியது, வீடும் மாறியது. அந்தப் பதிவு மட்டும் மாறவில்லை.

காணாமற்போன ஆட்டைத் தேடிப் போன மேய்ப்பனின் கதையை ஞாயிறு பள்ளியில் எத்தனை தரம் படித்திருக்கிறோம். எங்கள் கதையில் ஆடு முதல் நாள் காலையிலேயே கிடைத்துவிட்டது. மேய்ப்பனைத்தான் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்தக் கட்டுரையை உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் அதுதான். எங்கள் வீடுகளில் நாயோ பூனையோ வளர்க்கும் குடும்பங்கள் இப்போது கூடிவிட்டன. படிவம் நிரப்புபவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான்.

சிப்புக்குள் என்ன இருக்கிறது?

"சிப் போட்டிருக்கிறோம், ஓடினாலும் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம்" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது சரியல்ல. சிப் இடம் காட்டும் கருவி அல்ல. அதற்குள் பற்றரி இல்லை. ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் நீளமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள, ஒரு நீள அரிசி மணி அளவான கண்ணாடிக் குழாய் அது. மிருக வைத்தியர் ஊசி மூலம் கழுத்தின் இடது பக்கத் தோலுக்குக் கீழே வைப்பார். தடுப்பூசி போடும் நேரம்தான் எடுக்கும், மயக்க மருந்து தேவையில்லை.

வாசிக்கும் கருவியை அருகில் கொண்டுபோகும்போது, அது அனுப்பும் வானொலி அலையிலிருந்தே சிப் தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொண்டு ஒரு பதினைந்து இலக்க எண்ணைத் திருப்பிச் சொல்லும். ஜேர்மனிக்குரிய எண் 276 என்று தொடங்கும். சில சிப்புகளில் முதல் மூன்று இலக்கமும் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும். அவ்வளவுதான். உங்கள் பெயரோ, தெருவோ, தொலைபேசி இலக்கமோ சிப்புக்குள் இல்லை.

வைத்தியசாலையில் தாதிகளாக வேலை செய்யும் எங்களுக்கு இதை விளங்கிக்கொள்வது சுலபம். நோயாளியின் கையில் ஒரு பட்டி கட்டுகிறோம். அதில் உள்ள எண்ணும் கோடுகளும் எங்களை அவருடைய கோவைக்குக் கொண்டுபோகும். கோவையில் உள்ளது பிழை என்றால், பட்டி எவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருந்தும் பயன் இல்லை. சிப் என்பது அந்தக் கைப்பட்டி. கோவை வேறு இடத்தில் இருக்கிறது.

கோவை எங்கே இருக்கிறது?

ஜேர்மனியில் இரண்டு பெரிய பதிவகங்கள் உண்டு. ஒன்று டாஸோ. பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில் சுல்ட்ஸ்பாக்கில் இருக்கும் இந்தச் சங்கம் 1982இல் தொடங்கியது. இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட மிருகங்கள் அங்கே பதிவாகியுள்ளன. மற்றது ஃபிண்டெஃபிக்ஸ். பொண் நகரில் உள்ள ஜேர்மன் மிருகப் பாதுகாப்புச் சம்மேளனம், அதாவது டொய்ச்சர் டீயர்ஷுட்ஸ்புண்ட், நடத்தும் பதிவகம் அது. இரண்டிலும் பதிவதற்குக் காசு இல்லை. விலாசம் மாற்றுவதற்கும் காசு இல்லை.

இங்கேதான் பல குடும்பங்கள் தவறுகின்றன. சிப் வைப்பது ஒரு வேலை, பதிவு செய்வது இன்னொரு வேலை. சில வைத்தியர்கள் படிவத்தைத் தாங்களே அனுப்பிவிடுவார்கள். சிலர் கையில் தந்து "நீங்கள் அனுப்புங்கள்" என்பார்கள். அந்தக் கடதாசி தடுப்பூசிப் புத்தகத்துக்குள் மடித்தபடி வருடக் கணக்கில் கிடக்கும். அப்படியான நாய்க்குச் சிப் இருக்கும், எண்ணும் வரும், ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒருவரும் இருக்கமாட்டார்.

சட்டமும் இடத்துக்கு இடம் மாறும். ஜேர்மனி முழுவதற்கும் பொதுவாக, வீட்டு நாயைப் பதிவகத்தில் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இதுவரை இருந்ததில்லை. நோர்ட்ரைன் வெஸ்ட்பாலனில் 40 சென்ரிமீற்றர் உயரம் அல்லது 20 கிலோ எடையைத் தொட்ட நாய்களுக்குச் சிப் கட்டாயம். நீடர்சக்சனில் 2013 முதலும், பேர்லினில் 2022 முதலும், அந்தந்த மாநிலத்தின் சொந்த நாய்ப் பதிவேட்டில் பதிய வேண்டும். அது டாஸோவும் அல்ல, ஃபிண்டெஃபிக்ஸும் அல்ல. ஒன்றில் பதிந்தால் மற்றதில் பதிந்ததாகாது. பூனைக்காரரும் கவனிக்க வேண்டும். 2008இல் பாடர்போர்ன் நகரம் தொடங்கி வைத்த பிறகு, வெளியே திரியும் பூனைகளுக்குக் கருத்தடையும் சிப்பும் பதிவும் வேண்டும் என்று பல நகரங்கள் விதி செய்துள்ளன.

வேறு நாடுகளில் உள்ள உறவினர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். சுவிஸில் எல்லா நாய்களும் அமிக்குஸ் என்ற பதிவேட்டில் இருக்க வேண்டும். விலாசம் மாறினால் பத்து நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். இங்கிலாந்தில் 2016 ஏப்ரலில் இருந்து நாய்களுக்கும், 2024 ஜூன் 10இல் இருந்து பூனைகளுக்கும் சிப் கட்டாயம். அங்கே விபரங்களைப் புதிதாக வைத்திருப்பதும் சட்டத்தின் பகுதி. தவறினால் 500 பவுண்ஸ்வரை தண்டம் வரலாம்.

யாரும் யாருக்கும் சொல்லமாட்டார்கள்

நாங்கள் வீடு மாறியபோது ஒன்றையும் மறக்கவில்லை என்றுதான் நினைத்தோம். இரண்டு கிழமைக்குள் நகரசபைக்குப் போய் அன்மெல்டுங் செய்தோம். வங்கி, கிராங்கன்காஸ, மின்சாரம், தம்பியின் பள்ளி, அப்பாவின் வேலையிடம், எல்லாவற்றுக்கும் எழுதினோம். பழைய வீட்டுக்கு வரும் கடிதங்களைப் புதிய வீட்டுக்கு அனுப்பும்படி தபாலிலும் ஒரு வருடத்துக்குப் பதிந்தோம். ஜிம்மிக்கு நாய் வரி கூடப் புதிய நகரத்தில் கட்டினோம். வருடா வருடம் தடுப்பூசிக்குப் போனோம். வைத்தியரிடம் புதிய விலாசம் இருந்தது.

நாய் வரி கட்டினால் நகரசபை பதிவகத்துக்குச் சொல்லும் என்று நினைத்தோமா, வைத்தியர் சொல்லுவார் என்று நினைத்தோமா தெரியாது. ஒருவரும் சொல்லமாட்டார்கள். நகரசபையின் பட்டியல் வேறு, வைத்தியரின் கணினி வேறு, பதிவகத்தின் கோவை வேறு. இவை தாமாக ஒன்றோடொன்று கதைப்பதில்லை. பதிவகத்துக்குச் சொல்ல வேண்டியவர் வளர்ப்பவர் மட்டுமே.

பிந்தினால் என்ன என்று கேட்கலாம். ஜேர்மன் சிவில் சட்டத்தின் 973ஆம் பிரிவின்படி, கண்டெடுத்ததை உரிய இடத்தில் அறிவித்து ஆறு மாதங்கள் ஆகியும் உரிமையாளர் தெரியவராவிட்டால், அது கண்டெடுத்தவருக்கே சொந்தமாகலாம். நாய் பூனைக்கும் இந்த விதிகள்தான் பொருந்தும். எங்களுக்கு இரண்டு நாளில் முடிந்தது. அந்த அக்கா தொலைபேசி எடுத்திருக்காவிட்டால் எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

வார்ட்டில் நாங்கள் காண்பது

இது நாய்க்கதை மட்டும் அல்ல என்று எங்களுக்குப் படுவதற்கு ஒரு காரணம் உண்டு. வயதானவர் ஒருவர் விழுந்து, தனியாக அம்புலன்ஸில் வருகிறார். மறதி நோய் இருக்கலாம், வலியில் பேச முடியாமல் இருக்கலாம். கோவையில் மகளின் இலக்கம் இருக்கிறது. எடுக்கிறோம். "இந்த இலக்கம் பாவனையில் இல்லை" என்கிறது. மகள் அதே நகரத்தில்தான் இருக்கிறார். அம்மாவை உயிராகப் பார்க்கிறவர். போன வருடம் தொலைபேசி ஒப்பந்தத்தை மாற்றியபோது புது இலக்கம் எடுத்தார், அவ்வளவுதான். அந்த அம்மா இரவு முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். "பிள்ளை வருமோ?" என்று அவர் தமிழில் கேட்பது, எங்களைப் போன்ற ஒருவர் அன்றைக்கு வேலையில் இருந்தால் மட்டுமே விளங்கும்.

இப்படியான இரவுகளில் நாங்கள் கண்டது ஒன்று. அந்த வீடுகளில் அன்புக்குக் குறைவில்லை. குறைந்தது ஒரு பழைய இலக்கத்தை மாற்ற வேண்டிய ஐந்து நிமிடம்தான். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. ஜிம்மியில் எங்களுக்கு இருந்த பாசம் காப்பகத்தின் கணினிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது தம்பியின் பழைய சிம் இலக்கம் மட்டும்.

இந்தக் கிழமை செய்யுங்கள்

முதலில் சிப் எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீல நிற மிருகப் பாஸ்போட்டில் அது இருக்கும். இல்லாவிட்டால் மிருக வைத்தியர் ஒரு நிமிடத்தில் வாசித்துத் தருவார். அந்த எண்ணைப் படம் எடுத்து, வீட்டில் உள்ள எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்த எண் எங்கே பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். டாஸோவிலும் ஃபிண்டெஃபிக்ஸிலும் இணையத்தில் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். வேறு நாட்டிலிருந்து வந்த மிருகம் என்றால், ஐரோப்பியப் பதிவகங்களை இணைக்கும் யூரோபெட்நெட்டில் தேடலாம். ருமேனியாவிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ தத்தெடுத்த நாய்கள் பல, அங்குள்ள பழைய பெயரிலேயே இருக்கும், அல்லது ஒருவர் பெயரிலும் இருக்காது.

பிறகு விபரங்களைச் சரிபாருங்கள். இரண்டு தொலைபேசி இலக்கம் கொடுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கும் ஒருவருடையதாக இருக்கட்டும், ஒரு மாமாவோ சித்தியோ. விடுமுறைக்கு ஊருக்குப் போயிருக்கும்போது நாய் ஓடினால் அவர் எடுப்பார். பள்ளிக்கூட மின்னஞ்சலைக் கொடுக்க வேண்டாம், பள்ளி முடிந்தால் அதுவும் முடிந்துவிடும். உங்கள் விபரம் தெருவில் போகிறவர் எல்லோருக்கும் போய்விடும் என்ற பயம் வேண்டாம். கண்டெடுத்தவர் பதிவகத்தை அழைப்பார், பதிவகம் உங்களை அழைக்கும்.

பூனைக்குட்டியையோ நாயையோ இன்னொருவருக்குக் கொடுத்தால், புதியவர் தன் பெயரில் பதிய வேண்டும், நீங்களும் கைமாறியதை அறிவிக்க வேண்டும். அது இறந்துபோனாலும் அறிவித்துவிடுங்கள்.

வருடத் தடுப்பூசிக்குப் போகும்போது "சிப்பையும் ஒருக்கா வாசித்துப் பாருங்கள்" என்று வைத்தியரிடம் கேளுங்கள். சில வேளை சிப் தோலுக்குக் கீழே இருந்த இடத்திலிருந்து நகர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் பதிவையும் திறந்து பாருங்கள். வருடத்தில் ஒரே நாளில் இரண்டும் முடிந்துவிடும். டிசம்பர் 31க்கு முன் இன்னொரு தரம் பார்த்தால் இன்னும் நல்லது. அன்றைய இரவு நாயைக் கதவுக்குத் தூரமான அறையில் விட்டு, ஜன்னலை மூடி வையுங்கள்.

அதே இருப்பில், அம்மம்மாவின் கைத்தொலைபேசியில் அவசரத்துக்கு அழைக்க யாருடைய இலக்கம் இருக்கிறது என்றும் பாருங்கள். குடும்ப வைத்தியரிடம் என்ன இலக்கம் இருக்கிறது என்று கேளுங்கள். அந்தக் கோவைகளையும் பெரும்பாலும் நீங்கள்தான் நிரப்பியிருப்பீர்கள்.

ஜனவரி 3ஆம் தேதி காலை காப்பகம் திறக்க முன்பே நாங்கள் வாசலில் நின்றோம். அம்மம்மாவும் வருவேன் என்று அடம்பிடித்து, இரண்டு கம்பளிச் சால்வையோடு வந்திருந்தார். இரண்டு நாளும் ஜிம்மி சரியாகச் சாப்பிடவில்லை என்றார்கள். எங்களைக் கண்டதும் அது குரைக்கவில்லை. நேரே அம்மம்மாவின் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

தம்பி அங்கே வரவேற்பு மேசையருகில் நின்றபடியே கைத்தொலைபேசியை எடுத்து, புதிய விலாசத்தையும் இரண்டு இலக்கங்களையும் பதிந்து முடித்தான். நான்கு நிமிடம் எடுத்தது.